கல்லூரிக்குச் சொந்தமான உள்ளங்கை

எங்கள் கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. இரண்டும் ஒரே மாடிக்குத்தான் போகின்றன. ஏறிய பிறகு இரு தரப்பும் ஒரே வகுப்பில்தான் உட்கார வேண்டும். ஆனாலும் ஏறும்போது ஒருவர் மேல் ஒருவர் இடித்துவிட்டால் ஒழுக்கம் என்னாவது என்பது தாளாளர் செங்கோட்டுவேலு ஐயாவின் கவலை. கல்லூரி தொடங்குவதற்கு முன் அவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். சேவலைப் பெட்டையோடு சேர விடாமல் வளர்த்ததால்தான் இந்த நிலைக்கு வந்தேன் என்று ஆண்டு விழாவில் தவறாமல் சொல்வார். பெற்றோர்களும் தவறாமல் கைதட்டுவார்கள்.

நான் ரேணுகா. நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஸ்ரீ பொன்மலையம்மன் கலை அறிவியல் கல்லூரியில், நுண்ணுயிரியல் துறையில் தொகுப்பூதிய விரிவுரையாளர். நிரந்தர ஆசிரியர்கள் செய்யாமல் விட்ட வேலைகளையெல்லாம் தொகுத்துக் கொடுப்பார்கள், ஊதியம் எப்போதாவது வரும், அதுதான் தொகுப்பூதியம். எங்கள் துறைத்தலைவர் முனைவர் வையாபுரி. கிருமிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. தாளாளர் எதிரில் வந்துவிட்டால் மட்டும் படித்ததெல்லாம் மறந்துபோய் 'ஆமாங்க ஐயா' என்பது ஒன்றுதான் அவர் நினைவில் நிற்கும்.

'கைச்சுவடு' இயந்திரத்தை வாங்க வைத்தவர் வையாபுரிதான். திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டிய தாளாளருக்கு அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் கத்தரிக்கோல் தட்டோடு நின்றிருந்தேன்.

"கைரேகையை ஏமாத்திடறாங்க ஐயா. கோந்துல ரேகை எடுத்து ஃபிரண்டுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுடறாங்க. இதுல அது நடக்காதுங்க. ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலயும் கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்குது. ஒருத்தர் கையில இருக்கற கூட்டம் இன்னொருத்தர் கையில அப்படியே இருக்காதுங்க. கதவுப்பிடியைத் தொட்டாப் போதும், யாரு தொட்டாங்கன்னு மெஷின் சொல்லிப்போடும்."

"கிருமின்னா சீக்கு வராதுங்களா?" என்றார் தாளாளர்.

"முக்கால்வாசி நல்லதுதானுங்க. கெட்டது வந்து ஒட்டாம அதுங்கதான் காவல் காக்குது. கை கழுவினாலும் கொஞ்ச நேரத்துல பழையபடி வந்து உக்காந்துக்கும்."

தாளாளர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கோழிப்பண்ணையை வளர்த்த மூளை அது, சும்மா இருக்குமா?

"சரி, ஒரு புள்ள கையில இருக்கற கிருமி ஒரு பையன் கையில இருந்தா?"

"தொட்டிருக்காங்கன்னு அர்த்தங்க ஐயா."

"அட்டெண்டன்ஸ் கெடக்குது விடுங்க," என்றார் தாளாளர். "அதை மொதல்ல பாருங்க."

இப்படித்தான் ஒரு விஞ்ஞானம் எங்கள் ஊருக்கு வந்த அன்றைக்கே வேலை மாறிப் போனது. எல்லாக் கதவுப்பிடிகளிலும் கண்ணுக்குத் தெரியாத உணரிகளைப் பதித்தார்கள். தாளாளர் முதல் வாட்ச்மேன் வரை அத்தனை பேரின் உள்ளங்கையும் பதிவானது. திங்கட்கிழமை தோறும் இயந்திரம் ஒரு படம் வரைந்து கொடுக்கும். அதில் எல்லோருடைய போட்டோவும் இருக்கும். யாருடைய கிருமி யார் கையில் இருக்கிறதோ, அந்த இருவருக்கும் நடுவில் சிவப்புக் கோடு ஓடும்.

இனி சிந்துஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, துறையிலேயே கெட்டிக்காரப் பெண். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. செய்ய இடம் கிடைத்திருந்தது. இங்கே பட்டம் வாங்கினால் அங்கே சேரலாம், வாங்காவிட்டால் ஊருக்குத் திரும்பி அம்மா போகும் நூல் மில்லுக்கு அவளும் போக வேண்டும். அவளுக்கும் மில்லுக்கும் நடுவில் அந்தப் பட்டம் ஒன்றுதான் இருந்தது.

நுண்ணுயிரியல் படிக்க வரும் யாருக்கும் முதல் செய்முறை ஒன்றுதான். கை கழுவும் முன் விரல்நுனிகளைக் கிருமி வளர்க்கும் அகர் பிளேட்டில் பதிக்க வேண்டும், கழுவிய பின் இன்னொரு பிளேட்டில் பதிக்க வேண்டும், ஒரு நாள் கழித்து என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து வரைய வேண்டும். எங்கள் துறையில் பார்த்து வரையும் வழக்கம் கிடையாது. பிளேட்டில் எது முளைத்திருந்தாலும் சரி, முதல் படத்தில் நிறையப் புள்ளி, இரண்டாவதில் கொஞ்சம் புள்ளி என்று சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தால்தான் கையெழுத்து கிடைக்கும். நானும் அப்படித்தான் படித்தேன், வையாபுரியும் அப்படித்தான் முனைவரானார். சிந்துஜா மட்டும் பிளேட்டைப் பார்த்து வரைந்தாள்.

அவளுடைய பிளேட்டில் பக்கத்துப் பெஞ்சுக்காரி நோய்க்கிருமிக் கரைசலைச் சிந்திவிட்டிருந்தாள். அது பிளேட் முழுக்கப் படர்ந்திருந்தது. சிந்துஜாவின் விரல்பட்ட இடங்களைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. அவள் அதை அப்படியே வரைந்து கொண்டுபோனாள். வையாபுரி பிளேட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "கன்டாமினேஷன்மா, வெளிக்கிருமி கலந்துடுச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற வரை," என்றார்.

அவர் தூக்கிப் போடவில்லை. கதையை ஒளித்துவைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிளேட்டிலிருந்து அவர் எடுத்து வளர்த்த கிருமிதான் 'பொற்கரம்' என்ற கைத்தைலம். இரண்டு சொட்டு தேய்த்தால் நாள் முழுக்க நோய்க்கிருமி கையில் ஒட்டாது. தாளாளர் அதற்கு ஒரு தொழிற்சாலை கட்டினார், கிருமிக்குத் தன் பெயரையே வைத்துக் காப்புரிமையும் வாங்கினார். கோழிப்பண்ணைகள் வாங்கின, ஆஸ்பத்திரிகள் வாங்கின, துபாய்க்குக் கப்பலில் போனது. அது யார் கையிலிருந்து வந்தது என்று வையாபுரி ஒருவருக்குத்தான் தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆய்வகத்தில் குழாய்க்குக் குழாய் மாற்றி வளர்க்கும்போது கிருமி சில வாரங்களில் சோம்பிப்போகும், உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்தால் யாருக்குத்தான் சண்டை போடத் தோன்றும்? அதனால் மாதம் ஒரு தரம் வையாபுரி சிந்துஜாவைக் கூப்பிட்டு, "உன் ரெக்கார்டு இன்னும் சரியா வரல, மறுபடி கையைப் பதிச்சுக் காட்டு," என்பார்.

"எனக்கு மட்டும் எதுக்குங்க சார் ஒரே பிராக்டிகல்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"நீ ஒழுங்கா வரையற வரைக்கும்," என்றார் அவர்.

அவளுக்கு ஒரு காதலும் இருந்தது. யுகேந்திரன், எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர். கைச்சுவடு இயந்திரத்தை இயக்கும் பொறுப்பை அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள், அதற்காக அவனுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. பைபாஸ் நிறுத்தத்தில் வருகிற பேருந்தையெல்லாம் விட்டுவிட்டு இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நிற்பதைத் துறையில் பார்க்காதவர் இல்லை. யாரும் மேலே போய்ச் சொல்லவில்லை. எங்களிடமும் கொஞ்சம் நல்ல கிருமி இருந்திருக்கிறது.

பொற்கரம் கல்லூரியில் எல்லோருக்கும் கட்டாயம் என்று உத்தரவு வந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமைதான் இயந்திரத்தின் முதல் படமும் வந்தது, அன்றே தாளாளர் அறையில் விசாரணை. பெண் உறுப்பினர் ஒருவர் வேண்டும் என்பது விதி. மற்ற பெண் ஆசிரியர்கள் எல்லோரும் அன்றைக்கென்று விடுப்பில் போய்விட்டதால் தொகுப்பூதியக்காரி நான் போய் உட்கார்ந்தேன். யுகேந்திரன் மடிக்கணினியை இயக்க, சுவரில் படம் விழுந்தது. நடுவில் சிந்துஜாவின் போட்டோ. அதிலிருந்து நாலா பக்கமும் சிவப்புக் கோடுகள், ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், அலுவலகம், கேன்டீன், வாட்ச்மேன் வரைக்கும்.

"ஏன் அம்மிணி," என்றார் தாளாளர், "உன்ற கை படாத ஆம்பளை இந்தக் காலேஜ்ல ஒருத்தனாவது இருக்கானா?"

சிந்துஜா நிமிர்ந்துதான் நின்றாள். "இத்தனை பேரை நான் எப்பங்க ஐயா தொட்டேன்? மெஷின்ல ஏதோ தப்பு இருக்குதுங்க. எங்க துறையில ஒரு பிளேட்ல தப்பா வந்தா மறுபடி போட்டுப் பாப்போம். இதையும் போட்டுப் பாருங்க."

"மெஷின் பொய் சொல்லாது. நாளைக்கு உங்கப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து டீசியை வாங்கிக்க."

"எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தானுங்க ஐயா இருக்குது."

தாளாளர் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து சுவரருகில் போய்ப் படத்தை நெருங்கிப் பார்த்தார். "இங்க மூலையில ஒருத்தன் கோடே இல்லாம தனியா நிக்கறானே. யாரு அது?"

 யுகேந்திரன், "நான்தானுங்க ஐயா," என்றான்.

"பாத்துக்கங்க," என்று தாளாளர் எங்களைப் பார்த்தார். "இத்தனை ஆம்பளைங்கள்ல ஒருத்தன். ஒரே ஒருத்தன். வைக்கோல்போர்ல ஊசியாட்டம் இருக்கறான். இந்த வருசம் ஒழுக்கத்துக்கான கேடயம் இவனுக்குத்தான், எழுதிக்கங்க வையாபுரி."

"ஆமாங்க ஐயா," என்றார் வையாபுரி.

யுகேந்திரன் தலையைக் குனிந்து கணினியைப் பார்த்தான். அவன் முந்தின இரவோ காலையிலோ தன் கோட்டை அழித்திருக்கிறான். அது எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது. அதுவரை தெளிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண் தாளாளரை விட்டுச் சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். கோடில்லாத அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொகுப்பூதியக்காரிக்குக் கோபம் ஆகாதுதான், ஆனாலும் வந்துவிட்டது.

"ஐயா," என்றேன், "மேல் வரிசையில பொன்னாடை போட்டுட்டு ஒரு போட்டோ இருக்குதே, அதுக்கும் கோடு போகுதுங்களே."

தாளாளர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய போட்டோ. சிந்துஜாவிலிருந்து ஒரு சிவப்புக் கோடு நேராக அவருடைய பொன்னாடைக்குள் போய் நின்றது.

 தாளாளர் மெதுவாக வையாபுரி பக்கம் குனிந்து, "புள்ள யாரு வூட்டுப் புள்ள?" என்றார்.

"ஊருக்குக் கெழக்காலிங்க ஐயா. காலனிங்க."

எங்கள் பக்கம் சாதியைக் கேட்க அந்தச் சொல்லே தேவையில்லை, திசை போதும். தாளாளர் டிஷ்யூ எடுத்து வலதுகையை அழுத்தித் துடைத்தார். அது போதாதென்று மேசைமேல் இருந்த பொற்கரம் பாட்டிலை இரண்டுமுறை அமுக்கி இரண்டு கைகளிலும் முழங்கை வரை தேய்த்துக்கொண்டார். வையாபுரி கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கண்ணை மூடிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சார், பொற்கரத்துல இருக்கற கிருமியை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

 சிந்துஜா மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். "கன்டாமினேஷன்னு தூக்கிப் போட்டீங்களே, அந்தப் பிளேட்டுங்களா சார்?"

இயந்திரம் பொய் சொல்லவில்லை. கல்லூரி முழுக்க அவள் கைக்கிருமியைத் தேய்த்துக்கொண்டு திரிந்தால் அது வேறு எப்படிக் கோடு போடும்? கிருமி எந்தக் கையில் கூட்டத்தோடு பிறந்து வளர்ந்தது, எந்தெந்தக் கையில் வெறுமனே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, ஊற்று சிந்துஜா என்று சரியாகத்தான் சொல்லியிருந்தது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான் தாளாளருக்கு. அவள் எல்லோரையும் தொட்டாள் என்றால் அவரையும் தொட்டிருக்கிறாள். தொடவில்லை என்றால் துபாய்க்குக் கப்பலில் போவது அவளுடைய கை.

வக்கீலுக்குப் போன் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் பேசினார், நல்ல மனிதர்.

"அந்தக் கிருமி உங்க பேர்லதானுங்க ஐயா பதிவாகியிருக்குது. அது எங்க இருந்தாலும் உங்க பொருள்தான். அந்தப் பொண்ணு யாரையும் தொடலைங்க. உங்க பொருளை அனுமதியில்லாம கையில வெச்சிருக்குது, அவ்வளவுதான் விசயம்."

"பொறந்ததுல இருந்து என் கையில இருக்குதுங்க," என்றாள் சிந்துஜா.

"இருக்கட்டும் அம்மிணி," என்றார் தாளாளர். அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "எங்க கோழி உங்க வூட்டுக் கூரையில போய் அடைஞ்சுக்கிச்சுன்னா, கோழி உங்களுதாயிருமா?"

தீர்ப்பு அன்றே எழுதப்பட்டது. தேர்வு எழுத வேண்டுமானால் நூலகம், விடுதி, ஆய்வகம் மூன்றிலும் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும், அது எல்லாக் கல்லூரியிலும் உள்ளதுதான். சிந்துஜா நூலகத்துக்குப் பாக்கியில்லை, விடுதிக்குப் பாக்கியில்லை. ஆய்வகத்துக்கு மட்டும் ஒரு கிருமி பாக்கி. அதை அவள் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது என்றால் இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரு உயிர்கூட இல்லாமல் கழுவிவிடுவது. வையாபுரியின் குடுவைகளில் கிருமி பத்திரமாக இருக்கிறது என்றும், இனி உலகத்தில் வேறு எங்கும் இருக்கக் கூடாது என்றும் தாளாளர் சொன்னார். குடுவையில் இருப்பது சோம்பிப்போகும் என்று வையாபுரி சொல்லியிருக்க வேண்டும். அவர் 'ஆமாங்க ஐயா' என்றார்.

காலையும் மாலையும் ஆய்வகத்தில் கிருமிநாசினித் தொட்டியில் அவள் கையை ஊறவைத்தாள், மீதி நேரம் மருந்து தடவி உறை போட்டிருந்தாள். சோதித்துப் பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே தோல் வெடித்துவிட்டது. விடுதியில் ரசத்தில் கை வைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய, தினமும் பிளேட்டை நீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"சின்ன வயசுல யாருக்குக் காயம் பட்டாலும் எங்கம்மா என்னைத்தான் மஞ்சள் வெக்கச் சொல்லும் மேம்," என்றாள் ஒருநாள், தொட்டியில் கையை வைத்தபடி. "உனக்குக் கைராசி புள்ள, உடனே ஆறிடும்னு சொல்லும். நான் சிரிப்பேன். இப்பப் பாருங்க, என் கையே என்னுதாட்டம் இல்ல."

கடைசியில் ஒரு புள்ளிகூட முளைக்காத பிளேட் வந்தது. அதைப் போல அசிங்கமான ஒரு பிளேட்டை நான் பார்த்ததில்லை. வையாபுரி பாக்கியில்லை என்ற படிவத்தில் ஆய்வகத்துக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை பெண்கள் படிக்கட்டின் அடியில் யுகேந்திரன் நின்றிருந்தான். நான் சிந்துஜாவோடு இறங்கி வந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தும் அவன் போகவில்லை, அந்த மட்டுக்கு அவனுக்கும் ஏதோ உறுத்தியிருக்கிறது.

"சிந்து, உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். ரெண்டு பேரும் மாட்டினா ரெண்டு பேருக்கும் படிப்புப் போயிருக்கும். ஒருத்தராவது உள்ள இருந்தாத்தானே இன்னொருத்தருக்கு உதவ முடியும்?"

"அந்தப் படத்துல எல்லாரும் இருந்தாங்க யுகி. கேன்டீன் அக்கா இருந்துச்சு, வாட்ச்மேன் இருந்தாரு, தாளாளர் இருந்தாரு." அவள் குரல் உயரவில்லை. "நீ சும்மா இருந்திருந்தா கூட்டத்தோட கூட்டமா உன் கோடும் போயிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும் உன்னைப் பத்தி எதுவும் தெரிஞ்சிருக்காது."

உறைபோட்ட கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு அவள் விடுதிப் பக்கம் போனாள். அந்த வருட ஆண்டு விழாவில் ஒழுக்கத்துக்கான கேடயத்தை யுகேந்திரன் வாங்கினான். படித்து முடித்ததும் கல்லூரியிலேயே வேலையும் கிடைத்தது. சிந்துஜா தேர்வு எழுதித் தேறி, தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு பெங்களூர் போய்ச் சேர்ந்தாள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவில்தான் கிடைக்கும், அது இல்லாமல் அங்கே முதல் வருடத்தைத் தாண்ட விடமாட்டார்கள்.

அவள் போன கொஞ்ச நாளில் பொற்கரம் நாறத் தொடங்கியது. நான் சும்மா சொல்லவில்லை, பாட்டிலைத் திறந்தால் ஊசின மாவு வாசம். தேய்த்தவர்களுக்குச் சிரங்கு வந்தது. துபாயிலிருந்து கப்பல் அப்படியே திரும்பி வந்தது. வையாபுரி தூங்காமல் குழாய் மாற்றிக் குழாய் மாற்றிப் பார்த்தார், சோம்பேறிக் கிருமியிலிருந்து சோம்பேறிக் கிருமிதான் பிறந்தது. கடைசியில் தாளாளர் காலில் விழாத குறையாக உண்மையைச் சொன்னார். மாதாமாதம் அந்தப் பெண் கையிலிருந்து புதுசாக எடுத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஊற்றை நாமே அடைத்துவிட்டோம் என்றார்.

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. பாட்டிலில் இருந்து கைக்குப் போனது சோம்பியிருக்கும். அவள் கையிலிருந்து நேராக ஒரு கைக்குப் போயிருந்தால், கூட்டத்தோடு போயிருக்கும், உயிரோடு இருக்கும். கைச்சுவடு இயந்திரத்தை யுகேந்திரனிடம் சொல்லாமல் வெளியாளை வைத்து ஓட்டினார்கள். கல்லூரி முழுக்கத் தேடி அது ஒரே ஒரு கையைக் காட்டியது. ஒழுக்கத்துக்குக் கேடயம் வாங்கிய கை.

பட்டமளிப்பு விழா அன்று மேடையேறும் முன்பே சிந்துஜாவைத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சான்றிதழ் தாளாளர் மேசைமேல் இருந்தது. பெண் உறுப்பினராக என்னையும் உட்கார வைத்தார்கள். யுகேந்திரன் ஓரமாக நின்றிருந்தான். தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"உக்காரு அம்மிணி. நடந்தது நடந்து போச்சு. இந்தப் பையன் கையில உன்ற கிருமி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்குதாம். ஆனா அவன் தோல்ல அது கொஞ்சமாத்தான் வளருமாம், உன்ற கைதான் அதுக்குச் சொந்த ஊராம். வையாபுரி சொல்றாரு."

"குச்சியில எடுத்துத் தடவினா ஒட்டாதும்மா," என்றார் வையாபுரி. "கைக்குக் கை, வேர்வையோட, தினமும் கொஞ்ச நேரம் கோத்துட்டு இருக்கணும். முன்னாடி எப்படிப் போச்சோ அப்படியே திரும்பி வரணும்."

"சம்பளம் போட்டுத் தர்றேன்," என்றார் தாளாளர். "தனி ரூம் தர்றேன், ஏசி போட்டு. ரெண்டு பேரும் கையைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கணும், அதான் வேலை. வேணும்னா கல்யாணமே பண்ணிக்குங்க. நம்ம ஆடிட்டோரியத்துல நானே முன்ன நின்னு நடத்தி வெக்கறேன். இந்தக் காலத்துல போய் யாரு வூட்டுப் புள்ளைன்னெல்லாம் பாத்துட்டிருந்தா ஆகுமா?"

ஒரு மனிதர் ஒரு நிமிடத்தில் இவ்வளவு தூரம் முன்னேறுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சமூக நீதி பேசியவர்களுக்கெல்லாம் பாவம், கப்பல் திரும்பி வந்தால் போதும் என்று தெரியாமல் போய்விட்டது.

யுகேந்திரன் முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோர் எதிரிலும் அவளை நோக்கி வலதுகையை நீட்டினான்.

"சிந்து. ஐயாவே சொல்லிட்டாரு. இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல."

சிந்துஜா அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளுக்கு அவன்மேல் ஆசை முழுக்கப் போய்விட்டது என்று நான் நம்பவில்லை, அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. அவள் தன் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். தோல் புதிதாக வளர்ந்து பளபளப்பாக இருந்தது.

"என்னால முடியாதுங்க ஐயா," என்றாள்.

"ஏன் அம்மிணி? இன்னும் என்ன வேணும், கேளு."

"எதுவும் வேண்டாங்க. எனக்கு அந்தக் கையைத் தொடப் புடிக்கலைங்க."

எங்கள் கல்லூரியில் யார் யாரைத் தொடலாம் என்று எத்தனையோ விதி உண்டு. தொடப் பிடிக்கிறதா என்று யாரையும் யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாளாளருக்கு அந்தப் பதில் புரியவே இல்லை. விலை பேசுகிறாள் என்று நினைத்து வக்கீலுக்குப் போன் போடச் சொன்னார். சிந்துஜா எழுந்தாள், மேசைமேல் இருந்த சான்றிதழைத் தானே எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

அவள் பெங்களூரில் நன்றாக இருக்கிறாள். பார்த்ததைப் பார்த்தபடி வரைகிறாளாம், அங்கே அதற்குத் திட்டுவதில்லையாம்.

பொற்கரம் மறுபடி கடைக்கு வந்துவிட்டது, விலை மட்டும் ஏறியிருக்கிறது. வாராவாரம் யுகேந்திரனின் வலது உள்ளங்கையிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுக்கிறார்கள். அவனுக்கு வீடு, கார், வையாபுரியைவிட அதிகச் சம்பளம். அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, யாரும் தொடக் கூடாது, யாரையும் அது தொடக் கூடாது என்று ஒப்பந்தம். அவன் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டான். போன தையில் அவன் வீட்டில் பார்த்த பெண்ணோடு எங்கள் ஆடிட்டோரியத்தில் கல்யாணம். தாளாளர்தான் முன்னின்று நடத்தினார்.

நானும் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் ஐயர் இருவர் கையையும் சேர்த்துவைத்து அக்கினியைச் சுற்றி வரச் சொன்னார். மாப்பிள்ளையின் வலதுகையில் வெள்ளை ரப்பர் உறை. மணப்பெண் உறையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தாளாளரைப் பார்த்தான். தாளாளர் முன்வரிசையில் நாற்காலி நுனிக்கு வந்து, மூன்று சுற்றும் முடிகிற வரை உறை எங்காவது கழன்றுவிடுகிறதா என்று மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.